கைக்கு வந்தும் தங்காத வெள்ளிக் காசு: உங்கள் அனுபவம் என்ன?

கோபன்ஹேகன் வாசி:
டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியனின் ‘ஹெப்ரேயர்’ வெள்ளிக் காசு இங்கே பலருக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மார்கழியில் ஒரு காசுக்கடை. 1644 போட்ட 2 மார்க். “விளிம்பைப் பிடியுங்கள்” என்று மட்டும் சொல்லிக் கடைக்காரர் கையில் கொடுத்தார். லத்தீனில் மேலே யுஸ்டுஸ் (நீதியுள்ள), கீழே யூடெக்ஸ் (நியாயாதிபதி), நடுவில் எபிரேயத்தில் கடவுளின் பெயர், நாலே எழுத்து. லென்ஸில் பார்த்தால் அந்த நாலும் எழுத்தாகவே இல்லை, யாரோ கோலம் போட்டதுபோல் இருந்தன. அச்சு வெட்டியவருக்கு எபிரேயம் தெரிந்திருக்காது. சுவீடன் போர் அறிவிக்காமலே உள்ளே புகுந்த கோபத்தில், ‘கடவுளே நீதியுள்ள நியாயாதிபதி’ என்று காசிலேயே எழுதிவிட்டார் அரசர். அதே 1644 ஜூலையில், கோல்பெர்கர் ஹைடே கடற்போரில், 67 வயதில் அவருக்கு ஒரு கண் போனது. அந்த வருடத்துக் காசு என் உள்ளங்கையில்! வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை போனால் தட்டில் அது இருந்த குழி மட்டும்தான் இருந்தது.

பொறையாறு:
அந்த அரசர் காலத்தில்தான் 1620-ல் டேனியர்கள் எங்கள் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அவர் முத்திரை போட்ட ஈயக் காசு என்னிடம் இரண்டு இருக்கிறது. ஆனால் இன்னும் உறுத்துவது ஒரு வெள்ளிக் காசு. பத்தர் கடையில் பழைய மெட்டி, கொலுசோடு ஒரு சின்ன வட்டம் கிடந்தது. தொங்கட்டானாகப் போட வளையம் பற்றவைத்திருந்தார்கள். கிரீடம், அதற்குக் கீழே ‘சி’, அதற்குள் 7. தரங்கம்பாடிக்காக டேனியர்கள் அடித்த ராயலின்! நான் வாயைத் திறப்பதற்குள் பத்தர் இடுக்கியால் எடுத்து மூசையில் போட்டுவிட்டார். கிரீடம் ஒரு நொடி சிவந்து தெரிந்தது, அப்புறம் விளிம்பு சரிந்தது. “முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி” என்றார்.

ஒஸ்லோ:
பொறையாறு அண்ணா, ராயலினை ஹெப்ரேயரோடு சேர்த்துப் பேசக் கூடாது. ‘சி7’ என்றால் ஏழாம் கிறிஸ்டியன், நூறு வருடத்துக்கு மேல் பிந்தியவர். 8 ராயலின் ஒரு ரூபாய், அது உங்கள் ஊர்ச் சந்தைக்கு அடித்த காசு. மற்றது போர்க்காலக் காசு. கோபன்ஹேகன் தம்பிக்கும் ஒன்று: ஒரே காசைப் பார்த்து அச்சு வெட்டியவரின் படிப்பை எடை போடாதீர்கள். தேய்ந்த அச்சிலும் எழுத்து அப்படித்தான் விழும்.

என் கதை சின்னது. உருளைக்கிழங்கு கிண்டும்போது மகன் ஒரு காசு எடுத்தான். துடைக்காமல் பார்த்தோம், 1648. நோர்வேயில் 1650-க்கு முந்தின காசு மண்ணிலிருந்து வந்தால் அது அரசுக்கு. கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வருடம் பிந்தி அடித்திருந்தால் எங்களிடமே இருந்திருக்குமா என்று அவன் காரில் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

கும்பகோணம் பெரியவர்:
துடைக்காமல் வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். என்னிடம் இருந்த ராயலினை, வெள்ளிக் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி விபூதி போட்டு வீட்டில் தேய்த்துவிட்டார்கள். ஆண்டு எண் பாதி போய்விட்டது.

அதனால் சொல்கிறேன். புளி, பல்பொடி, விபூதி எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். கறுப்பு ஏறியிருந்தால் இருக்கட்டும், சேகரிப்பவர்கள் விரும்புவதே அந்தக் கறுப்பைத்தான். மலிவான பிவிசி உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுக்கும். கோபன்ஹேகன் தம்பி மனம் விட வேண்டாம். டென்மார்க் வெண்ணெய் வியாபாரி புரூன் 1923-ல் இறந்தார்; தன் காசுச் சேகரிப்பை நூறு வருடம் விற்கக் கூடாது என்று உயில் எழுதிவைத்திருந்தார். 2024-ல்தான் ஏலம் தொடங்கியது. பூட்டிக் கிடக்கும் காசும் ஒருநாள் வெளியே வரும். பொறையாறு தம்பி, பழைய வெள்ளி வந்தால் உருக்குமுன் போன் பண்ணச் சொல்லி, எடைக்கு மேல் நூறு ரூபாய் தருவதாகப் பத்தரிடம் பேசி வையுங்கள்.

பொறையாறு:
அன்றைக்கே பேசிவிட்டேன் ஐயா. நேற்றுக்கூட கூப்பிட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். விக்டோரியா ராணி அரை ரூபாய்.