அப்பாவின் சிறுநீரகக் கல்: துளையிட்டு எடுப்பதா, அதிர்வலையால் உடைப்பதா?

சாவகச்சேரி மகள்:
அனைவருக்கும் வணக்கம். 68 வயதுடைய அப்பாவின் இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் 24 மில்லிமீற்றர் கல் இருப்பது சீ.ரி. ஸ்கானில் தெரிந்தது. முதுகுப்பக்கமாகச் சிறு துளையிட்டு எடுக்கலாம் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். அதிர்வலையால் உடைத்தால் கத்தியே படாது என்று உறவினர்கள் சொல்வதால் அப்பா தயங்குகிறார். இதயத்துக்காக அஸ்பிரினும் எடுக்கிறார். அனுபவமுள்ளவர்கள் விளக்குவீர்களா?

கொக்குவில், ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, 20 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்குப் பொதுவாக முதுகுப்பக்கமாகத் துளையிட்டு எடுக்கும் முறையையே முதலில் பரிந்துரைப்பார்கள். அதிர்வலை கல்லை உடைக்குமே தவிர, துண்டுகள் சிறுநீரோடு தாமாகத்தான் வெளியேற வேண்டும். கீழ்ப்பகுதிக் கல்லின் துண்டுகள் மேலேறி வர முடியாமல் அங்கேயே தங்கிவிடுவதும், பெரிய கல்லின் துண்டுகள் சலக்குழாயை அடைத்துக்கொள்வதும் உண்டு. துளைவழி முறையில், மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரேயிலோ ஸ்கானிலோ பார்த்தபடி ஊசியைச் சிறுநீரகத்துக்குள் செலுத்தி, அவ்வழியை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்வரை விரித்து, உள்நோக்குக் கருவியால் கல்லை நேரே பார்த்து உடைத்து எடுப்பார்கள். இப்போது அதைவிடச் சிறிய துளையிலும் செய்கிறார்கள்.

இரத்தப்போக்கும் கிருமித்தொற்றுமே இதில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள். ஆகவே அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்; இதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் பேசித் தீர்மானிக்கட்டும். சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள். அந்த முடிவு வராமல் திகதி குறிக்க அவசரப்படுத்த வேண்டாம்.

நல்லூர் வாசகர்:
எனக்கு இதே சத்திரசிகிச்சை நடந்தது. முதுகிலிருந்த ரியூப் வழியாகப் பையில் சிவப்பாக இறங்கிய சிறுநீர் படிப்படியாகத் தெளிந்தது; ரியூபைக் கழற்றிய இடம் சில நாள் கசிந்து, பின்னர் மூடிக்கொண்டது. அதைவிட, சிறுநீர் தடையின்றி இறங்க உள்ளே சலக்குழாயில் வைத்த ஸ்ரென்ட் என்ற மெல்லிய குழாய்தான் சிரமம் தந்தது. சலம் கழிக்கும்போது விலாப்பக்கம் இழுக்கும், அடிக்கடி போகவும் தோன்றும். நோவு குறைந்ததும் அதை மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் ஸ்ரென்டிலேயே கல் படிந்து, இன்னொரு சத்திரசிகிச்சை தேவைப்படலாம். அப்பாவுக்கு ஸ்ரென்ட் வைத்தால், அதை எடுக்கும் திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

சாவகச்சேரி மகள்:
மிக்க நன்றி அக்கா, அண்ணா. இரண்டு பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அஸ்பிரின் பற்றிக் கேட்க இதய கிளினிக்குக்கு முதலில் போவதற்குச் சம்மதித்திருக்கிறார்.