'தி பேர்': அந்தக் கிறிஸ்துமஸ் இரவை எப்படிக் கடந்தீர்கள்?

வாசுகி_திருச்சி

கதை விவரங்கள் வரும். இரண்டாம் பருவம் முடிக்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

நான் எதையும் பார்ப்பவள். தலை வெட்டும் காட்சி வந்தாலும் தட்டை நகர்த்தாமல் சாப்பிடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வது என் கணவர்தான். அப்படிப்பட்ட எனக்கு, 'தி பேர்' என்ற அமெரிக்கத் தொடரை, சிகாகோவில் சாண்ட்விச் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதையைப் பார்க்க நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தது. இரண்டாம் பருவத்தின் ஆறாம் அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தை ஒட்டியவை. இது மட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. பாதியில் நிறுத்தினேன். போய் அடுப்பு மேடையைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தும் துடைத்தேன். பிறகு வந்து மீதியைப் பார்த்தேன்.

அதில் ரத்தம் இல்லை, பேய் இல்லை. கதை நடப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. இத்தாலிய வழக்கப்படி ஏழு வகை மீன் சமைக்கிறாள் தாய் டோனா. ஆளுக்கொரு பக்கம் பேசுகிறார்கள். நேரம் குறித்து வைத்த மணிகள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்கின்றன. டோனா கையில் ஒயின் கோப்பை. உதவிக்கு வருகிறவர்களை விரட்டுகிறாள், விரட்டிய கையோடு "எனக்கு உதவ யாருமில்லை" என்கிறாள். மேசையில் மூத்த மகன் மைக்கி, மாமா முறையுள்ள லீ மீது முள்கரண்டிகளை எறிகிறான். கடைசியில் டோனா காரை வீட்டுச் சுவருக்குள் ஓட்டிவிடுகிறாள்.

ஆனால் எனக்குக் கோபம் வந்தது டோனா மீது இல்லை, மகள் நாட்டலி மீது. "அம்மா, நீ நன்றாக இருக்கிறாயா?" என்று விடாமல் கேட்கிறாள். கேட்காதே என்று உடன்பிறந்தவர்களே சொல்லியும் கேட்கிறாள். அந்தக் கேள்விதான் தாய்க்கு வெடி மருந்து என்பது அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "வாயை மூடிக்கொண்டு இரேன்டி" என்று தொலைக்காட்சியைப் பார்த்து நானே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் யாரும் காரைச் சுவரில் மோதியதில்லை. அதற்குக் காரும் இருந்ததில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தைய இரவு அதிரசப் பாகு பதம் தவறிவிட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். பாத்திரம் மட்டும் பேசும். விடிகாலையில் எல்லோருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு, தான் மட்டும் புதுப்புடவை கட்டாமல் அடுப்படியிலேயே நிற்பார். மூத்தவள் என்பதால் போய்க் கேட்கும் வேலை எனக்கு. "ஒன்றுமில்லை, நீ போ" என்பார். அந்த "ஒன்றுமில்லை"யில் எத்தனை வகை உண்டு என்று ஓர் அகராதியே போடுவேன்.

கேள்விகள் இரண்டு. ஒன்று, இப்படி எழுந்து போனது நான் மட்டும்தானா? இரண்டு, என் கணவரும் பார்க்க வேண்டும் என்கிறார். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டி ஏழுக்குப் போனால் கதை புரியுமா?

---

கப்பல்_சமையற்காரன்

வாசுகி மேடம், எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் ஒன்றும் செய்யவில்லை. குடும்பச் சண்டை என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். என்னைத் தூங்கவிடாதது முதல் பருவத்தின் ஏழாம் அத்தியாயம். வெறும் இருபது நிமிடம், அதில் பெரும்பகுதி வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது.

நட்சத்திர ஓட்டல், அப்புறம் பயணிகள் கப்பல் என்று வாழ்க்கையின் நல்ல பகுதியை அடுப்பு முன்னால் கழித்தவன் நான். கடையின் துணைச் செஃப் சிட்னி பார்சலுக்கான முன்பதிவு வசதியைத் திறந்து வைத்துவிடுகிறாள். கடை திறப்பதற்கு முன்பே ஆர்டர் சீட்டு அச்சாகத் தொடங்கி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கருவியின் கரகரப்பு இருக்கிறதே, ஓய்வு பெற்ற பிறகும் என் கனவில் வருகிற சத்தம் அது. கே.ஓ.டி., அதாவது சமையலறைக்கு வரும் ஆர்டர் சீட்டு, ஒன்று வந்தால் வேலை, பத்து வந்தால் சுறுசுறுப்பு. சீட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையைத் தொட்டால் அது வேறு. அப்போது மனிதர்கள் முகம் மாறும். நல்லவன் என்று நினைத்தவன் ஏசுவான், வாயாடி என்று நினைத்தவன் பேசாமல் நான்கு பேர் வேலையைச் செய்துவிட்டுப் போவான்.

அதில் இனிப்பு செய்யும் மார்கஸ் என்ன செய்கிறான் பாருங்கள். கடை தீப்பற்றி எரியாத குறையாக இருக்கும்போது, தான் புதிதாகக் கண்டுபிடித்த டோநட்டை எடுத்துக்கொண்டு வந்து, கடையை நடத்தும் செஃப் கார்மியிடம் (டோனாவின் இளைய மகன்) காட்டுகிறான். கார்மி தட்டிவிடுகிறான், தரையில் விழுகிறது. என் வீட்டில் எல்லோரும் மார்கஸுக்காக வருத்தப்பட்டார்கள். நான் மட்டும் கார்மி பக்கம். அந்த நேரத்தில் டோநட் காட்டலாமா?

கூச்சலைப் பற்றி ஒன்று. கத்துகிற செஃபுக்கு நாங்கள் பயந்ததில்லை. கத்தி முடித்ததும் அவரே டீ வாங்கித் தருவார். பயம், பக்கத்தில் வந்து காதோடு மெல்லப் பேசுகிறவரிடம். கார்மியின் நினைவில் வரும் அந்த நியூயார்க் செஃப் குரலையே உயர்த்துவதில்லை. நீ எதற்கும் லாயக்கில்லை என்பதை வானிலை அறிக்கை வாசிப்பவர் போலச் சொல்கிறார். எழுதியவர்களுக்கு உள் விவரம் தெரிந்திருக்கிறது. படைப்பாளி கிறிஸ்டோபர் ஸ்டோரரின் சகோதரி கோர்ட்னி சமையல் துறைக்காரர், தொடரின் சமையல் பொறுப்பும் அவருடையது. சாமான் பழுது பார்க்க வரும் ஃபாக்காக நடிக்கும் மாட்டி மதேசன் நிஜமான செஃப். மொத்தக் கூட்டத்தில் சமைக்கத் தெரிந்தவரிடம் கரண்டி கொடுக்காமல் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் குறும்புக்கே ஒரு விருது தரலாம்.

உங்கள் கணவருக்கு ரத்தக் கொதிப்பு என்றால் கிறிஸ்துமஸைவிட இந்த ஏழாம் அத்தியாயத்துக்குத்தான் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

---

ரிமோட்_என்_கையில்

இத்தனையும் பேசிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக் கணக்கில் இது நகைச்சுவைத் தொடர்! 2024 ஜனவரியில் நடந்த விழாவில் 10 விருது, அதே ஆண்டு செப்டம்பரில் 11. இரண்டும் நகைச்சுவைப் பிரிவில். மேலே வாசுகி அக்கா அடுப்பு மேடையைத் துடைக்கப் போன அத்தியாயத்துக்காக டோனாவாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸும் மைக்கியாக நடித்த ஜான் பெர்ன்தாலும் வாங்கியதும் நகைச்சுவைப் பிரிவின் விருந்தினர் விருதுதான். சிரித்துச் சிரித்துத்தான் அக்கா எழுந்து போயிருக்கிறார்.

---

நேப்பர்வில்_தமிழன்

சிகாகோ புறநகரில் இருப்பதால் இந்தத் தொடர் எனக்கு ஊர்ச் செய்தி. ஆர்லீன்ஸ் தெருவில் கடைக்கு முன்மாதிரியான 'மிஸ்டர் பீஃப்' இப்போதும் இருக்கிறது. தொடர் வந்த பிறகு வாசலில் படம் எடுப்பவர்கள் கூட்டம். உள்ளே ஆடம்பரம் ஏதுமில்லை. தாளைப் போல மெல்லியதாகச் சீவிய இறைச்சி, அதன் சாறு, மேலே எண்ணெயில் ஊறிய ஜார்டினியேரா என்கிற காரக் காய்கறி. ரொட்டியோடு சேர்த்துச் சாற்றில் முக்கிக் கேட்கலாம். கேட்டால் சட்டைக்கு உத்தரவாதமில்லை. என் மனைவி மாட்டிறைச்சி சாப்பிடமாட்டாள். இந்த ஊர்க் கடைகளில் தவக்கால வெள்ளிகளுக்கென்றே குடமிளகாயும் முட்டையும் வைத்த சாண்ட்விச் உண்டு, அவளுக்கு அதுதான். நம் முட்டைப் பொடிமாஸுக்குத் தூரத்து உறவு.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தாண்டாதீர்கள். ஏழாம் அத்தியாயம் தனியாகப் பார்த்தாலும் புரியும், ஆனால் பாதிச் சுவைதான் கிடைக்கும். மைக்கியின் நண்பன் ரிச்சி யார் என்று ஆறில் தெரிந்தால்தான் ஏழில் அவனைக் கொண்டாட முடியும். அந்த விருந்தில் அவன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், இவனுக்கு நல்ல வேலை இல்லை, ஜிம்மி மாமாவிடம் மெல்ல வேலை கேட்கிறான். ஏழில் அதே ஆள் மணவிலக்கு ஆகி, நாற்பதைத் தாண்டி, 'எவர்' என்ற உயர்தர உணவகத்தில் முள்கரண்டி துடைக்க அனுப்பப்படுகிறான். நாள் முழுக்க முள்கரண்டிதான். முதலில் அதை அவமானமாக நினைக்கிறான். பிறகு ஒரு மேசையில் வெளியூர்க்காரர்கள், சிகாகோவின் ஆழமான தட்டுப் பீட்ஸாவைச் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்புகிறோமே என்று பேசிக்கொள்வது காதில் விழுகிறது. ரிச்சி வெளியே ஓடி, 'பெக்வாட்ஸ்' கடையில் ஒன்று வாங்கி வருகிறான்; சமையலறையில் அதை அந்த உணவகத்தின் பாணியில் சின்ன வட்டங்களாக வெட்டித் தர, இவன் கொண்டு வைக்கிறான். 'எவர்' நிஜமாகவே இந்த ஊரில் இருக்கிறது. பெக்வாட்ஸும் இருக்கிறது, ஓரம் கருகிய அந்தப் பாலாடைக்கு நான் அடிமை.

உங்கள் கணவருக்கு ஏழு மருந்து. ஆனால் ஆறைச் சாப்பிட்ட பிறகுதான் அது வேலை செய்யும்.

---

அல்லி_ம

அக்கா, நாட்டலி மீது உங்களுக்கு வந்த கோபத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவர்கள் சமையலறைக்குள் போய்விட்டார்கள்.

அப்பா குடிக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். வாசலில் செருப்பு கழற்றும் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படி என்று தெரிந்துவிடும். நான் "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று கேட்பேன். அக்கறையில் கேட்டேன் என்று இன்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. பதிலின் தொனியைக் கேட்க வேண்டும். தம்பியை எந்த அறையில் படுக்க வைப்பது என்று அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும். நாட்டலி கேட்பதும் அதுதான். பதில் மோசமாக வரும் என்று தெரிந்தேதான் கேட்கிறாள். வருவது இப்போதே வந்துவிட்டால் நல்லது, எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகு வர வேண்டாம் என்று. ஆனால் அவள் துரதிர்ஷ்டம், மேசைக்கு வந்த பிறகும் கேட்டுவிடுகிறாள்.

கார்மியைப் பாருங்கள், அவன் எதையும் கேட்பதில்லை. வெந்ததா, எடுக்கவா என்று அம்மாவோடு வேலை செய்துகொண்டே இருக்கிறான். அவன் தப்பிக்கிற வழி அது. பின்னாளில் அந்த வழியையே தொழிலாக்கிக்கொண்டவன்தான் செஃப் கார்மி என்பது என் எண்ணம். அந்த வீட்டு அடுப்படியும் முதல் பருவத்துக் கடையும் ஒன்றேதான். மணி அடிக்கிறது, யாரோ கத்துகிறார்கள், இவன் குனிந்து வேலை செய்கிறான். அதனால் கப்பல் ஐயா, நீங்கள் தூங்கிய அத்தியாயமும் உங்களைத் தூங்கவிடாத அத்தியாயமும் வேறு வேறு இல்லை.

இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் சாண்ட்விச் கடையை மாற்றித் திறக்கும் புதிய உணவகத்தின் வாசல் வரை டோனா வருகிறாள். உள்ளே வர முடியாமல் நாட்டலியின் கணவன் பீட்டிடம் பேசிவிட்டுத் திரும்பிப் போகிறாள். பீட் அதை மனைவியிடம் மறைக்கிறான். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கேலி செய்யும் அப்பாவி பீட், எனக்குப் பிடித்த பாத்திரமே அவன்தான். பிறகு மூன்றாம் பருவத்தின் எட்டாம் அத்தியாயம்: பிரசவ வலி, வேறு யாரையும் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை, வேறு வழியின்றி நாட்டலி தாயை அழைக்கிறாள். மருத்துவமனை அறையில் இரண்டு பேர் மட்டும். முள்கரண்டி பறப்பதில்லை. நான் அழுதது அதில்தான், கிறிஸ்துமஸில் இல்லை. நீங்கள் அந்த அத்தியாயம் வரைக்குமாவது போக வேண்டும்.

---

பொறுமை_இழந்தவன்

அந்த எட்டாம் அத்தியாயத்துக்குப் போவதற்குள் மூன்றாம் பருவத்தின் மற்றவற்றையும் சகிக்க வேண்டுமே, அதை யார் சொல்வது? முதல் அத்தியாயம் முழுக்க நினைவுத் துணுக்குகள், பின்னணி இசை, பட்டாணி ஒவ்வொன்றாக அடுக்கும் கைகள். அழகாகத்தான் இருக்கிறது, கதை நகரவில்லை. கடையின் சமையற்காரி டீனா அதற்கு முன்பு வேறொரு வேலையை இழந்து, தெருத்தெருவாக அலைந்து, மைக்கியின் கடையில் வந்து உட்காரும் ஆறாம் அத்தியாயம் மட்டும் தங்கம். சிட்னியாக நடிக்கும் அயோ எடெபிரிதான் அதை இயக்கியவர். மற்றபடி ஃபாக் சகோதரர்களின் அறுவை தாங்கவில்லை. கார்மி குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே நிற்பது யார் என்று தெரியாமல் காதலைப் பற்றி உளறினானே, அங்கேயே தொடரை முடித்திருக்கலாம்.

---

வாசுகி_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. ரிமோட் தம்பிக்கு மட்டும் நன்றி பாதிதான்.

அல்லி, நீ எழுதியதைப் படித்துவிட்டு ஆறாம் அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், இம்முறை நாட்டலியின் முகத்தை மட்டும். கேட்டு முடித்ததும் அவள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, தாயின் கைகளைப் பார்க்கிறாள். நீ சொல்வது சரி. ஆனால் ஒன்றில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. அவளுக்கு எல்லாம் கணக்கு மட்டும் இல்லை. என்றாவது ஒருநாள் தாய் "இல்லையடி, எனக்கு முடியவில்லை, கொஞ்சம் வந்து கிளறு" என்று சொல்லிவிடுவாள் என்ற நப்பாசையும் அதில் உண்டு. என்னிடம் இருந்தது, அதனால் சொல்கிறேன். எங்கள் அம்மா இப்போது சொல்கிறார், எழுபதைத் தாண்டிய பிறகு. அதிரசத்தை இப்போது கடையில்தான் வாங்குகிறோம்.

கப்பல் ஐயா, டோநட் விஷயத்தில் என் கணவர் உங்கள் கட்சி. முதல் பருவத்தை ஆரம்பித்து ஏழாம் அத்தியாயம் வரை வந்துவிட்டார். மாத்திரை போட்டுக்கொண்டுதான் பார்த்தார். முடிந்ததும், எங்கள் அலுவலகத்தில் மார்ச் 31 இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். வங்கிக்காரர்.

ஆறைத் தாண்டுவதில்லை என்று முடிவு. ஆறும் ஏழும் ஒரே இரவில், நடுவில் காபி. மூன்றாம் பருவத்தைப் பற்றி நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். நான்காம் பருவத்தின் முடிவை மட்டும் நாங்கள் வந்து சேரும் வரை யாரும் இங்கே எழுதிவிடாதீர்கள். பொறுமை இழந்தவரே, குறிப்பாக உங்களைத்தான் சொல்கிறேன்.