மெரிபேங்க் வீட்டுக்கு ஹீட் பம்ப்: பழைய கீசரோடு இணைக்கலாமா?

மெரிபேங்க்வாசி:
வணக்கம். டர்பன் மெரிபேங்கில் வீடு, ஐந்து பேர். சீலிங்குக்கு மேலே படுக்கைவாட்டில் 200 லிட்டர் கீசர், 3 கிலோவாட் எலெமென்ட் (சூடாக்கும் கம்பி), நான்கு வருடப் பழசு, ஒழுகல் இல்லை. கரண்ட் பில்லில் பெரும்பங்கு இதற்கே போகிறது. இதோடு ஹீட் பம்ப் (காற்றின் வெப்பத்தை இழுத்து நீரைச் சூடாக்கும் மெஷின்) சேர்த்தால் போதுமா, தொட்டியும் சேர்ந்த புதுசு வாங்க வேண்டுமா? எவ்வளவு பெரியது, எங்கே வைப்பது? கடல் பக்கம்தான், உப்புக்காற்று உண்டு.

பைப்புவேலை:
நான்கு வருடத் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் தம்பி, அதோடே இணைக்கலாம். ஆனால் முதலில் ஆனோடை, அதாவது தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியத் தண்டைக் கழற்றிப் பாருங்கள். மக்னீசியம் கரைந்து வெறும் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் புதுசு போட்ட பிறகுதான் மற்ற வேலை.

அளவுக்குக் கணக்கு இதுதான். 200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 55-க்கு ஏற்ற சுமார் 8 யூனிட் வெப்பம் வேண்டும். எலெமென்ட் அந்த 8 யூனிட்டையும் மீட்டரில் காட்டும். ஹீட் பம்ப் ஒரு பங்கு கரண்டுக்கு மூன்று பங்கு வெப்பம் தந்தால் 2.7 யூனிட்டில் முடியும். 4.5 கிலோவாட் வெப்பம் தரும் மெஷின் இரண்டு மணி நேரத்துக்குள் தொட்டியைச் சூடாக்கிவிடும். அதற்கு மேல் வாங்குவது காசுக்குக் கேடு.

தப்பு நடப்பது பெரும்பாலும் பைப்பில்தான். குளிர்நீரைத் தொட்டியின் அடியிலிருந்து எடுங்கள். சூடான நீர் திரும்பும் டீயை (T வடிவப் பைப் இணைப்பு) தொட்டியின் வெந்நீர் வாயை ஒட்டியே போடுங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் தள்ளிப் போட்டால், குழாய் திறந்ததும் குளிர்நீர் ஹீட் பம்ப் வழியாகவே ஓடிவந்து கலந்துவிடும். அப்புறம் 'மெஷின் சரியில்லை' என்று புகார். போகும் பைப், வரும் பைப் இரண்டுக்கும் இன்சுலேஷன் கட்டாயம். நீரைச் சுற்றவிடும் பம்புக்கு முன்னால் ஒரு வடிகட்டி, அதன் இரு பக்கமும் வால்வு.

டிபிபோர்டு:
மேலே சொன்னது சரி. ஹீட் பம்ப் போட்டும் பில் குறையாததற்கு இன்னொரு காரணம், எலெமென்டின் தெர்மோஸ்டாட்டை 60-லேயே விட்டுவிடுவது. ஹீட் பம்ப் 55-ல் நிற்கும், எலெமென்ட் அதற்கு மேல் வேலையைத் தொடரும். அதை 45-க்கு இறக்குங்கள், அல்லது எலெமென்டின் ஐசோலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு ஹீட் பம்ப் பழுதானால் மட்டும் போடுங்கள். லெஜியனெல்லாக் கிருமிக்காக வாரம் ஒரு தடவை 60 வரை ஏற்றுவது நல்லது.

கரண்ட் போய் வரும்போது மெஷினின் எலெக்ட்ரானிக் போர்டைக் காக்க டி.பி.யில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) சர்ஜ் அரெஸ்டர், அதாவது திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவி வையுங்கள். வந்ததும் கம்ப்ரசர் மூன்று நிமிடம் சும்மா இருந்தால் பயப்படாதீர்கள், அது தாமத டைமர். வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனிடமும் பிளம்பரிடமும் சி.ஓ.சி. (வேலை விதிப்படி நடந்ததற்கான சான்றிதழ்) வாங்கிக்கொள்ளுங்கள். கீசர் வெடித்தால் இன்ஷூரன்ஸ் முதலில் அதைத்தான் கேட்கும்.

லெனேசியாஅக்கா:
டர்பனில் குளிர்க் கவலை குறைவு தம்பி. இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜூலை இரவில் பூஜ்யத்துக்கே இறங்கும், அப்போது சுருளில் பனி கட்டும். மெஷின் தானே அதை உருக்கும் (டிஃப்ராஸ்ட்). அது நடக்கும் நேரம் வெப்பம் வராது. அதனால் டைமரை இரவில் வைக்காமல் காலை 11-லிருந்து மாலை 4 வரை வைத்தால், வெயில் ஏறிய காற்றில் குறைந்த கரண்டில் அதே சூடு கிடைக்கும். இது உங்களுக்கும் பொருந்தும்.

மெரிபேங்க்வாசி:
நன்றி அண்ணா, அக்கா. உப்புக்காற்றுக்கு என்ன செய்வது? வெளியே எங்கே மாட்டுவது?

பைப்புவேலை:
கடல் காற்று நேராக அடிக்காத சுவராகப் பாருங்கள். படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வேண்டாம், சத்தம் ஏ.சி. வெளி யூனிட் அளவுக்கு வரும். மூலையில் அடைத்து வைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். ஃபின்னில் (சுருளைச் சுற்றிய மெல்லிய தகடுகள்) நீலப் பூச்சு உள்ள மாடலாகப் பாருங்கள், பிராக்கெட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மாதம் ஒரு தடவை கரண்டை அணைத்துவிட்டு, தோட்டக் குழாயில் நல்ல தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் ஆகாது, ஃபின் மடிந்துவிடும்.

ஜனவரி ஈரப்பதத்தில் அடியில் நிறைய தண்ணீர் சொட்டும், அது கேஸ் கசிவு இல்லை. ஒரு பைப் போட்டு வடிகாலுக்கு விடுங்கள். 'ஃப்ளோ' (நீரோட்டம்) பிழை காட்டினால் கேஸ்காரரைக் கூப்பிடும் முன் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், பிறகு நீர் சுற்றும் பம்பின் மேல்திருகைத் தளர்த்திக் காற்றை விடுங்கள்.

டிபிபோர்டு:
ஒன்று விட்டுப்போச்சு. ஹீட் பம்பின் வெப்பநிலை சென்சார் தொட்டியின் தெர்மோஸ்டாட் குழிக்குள் முழுதாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே நழுவினால் தொட்டி சூடானது தெரியாமல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினின் மூடியைத் திறக்கும் நாளில் கான்டாக்டரில் (கம்ப்ரசருக்குக் கரண்ட் போடும் சுவிட்ச்) பல்லி, எறும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்டை அணைத்துவிட்டுத்தான்.