பாலடின் + வார்லாக்: ஒரு வீட்டு விதி வேண்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். நான்கு பேர், எல்லோரும் 7ஆம் லெவல். அதில் ஒருவர் இரண்டு வகுப்புகளைக் கலந்தவர்: பாலடின் (புனித வீரர்) 5, வார்லாக் (ஒப்பந்த மந்திரவாதி) 2. வார்லாக்கின் இரண்டு ஸ்லாட்டும் (மந்திரம் போடச் செலவிடும் வாய்ப்பு) ஷார்ட் ரெஸ்ட், அதாவது குறுகிய ஓய்வு, எடுத்ததும் திரும்பிவிடும். இரண்டையும் ஸ்மைட்டில் (ஸ்லாட்டைச் செலவிட்டு அடியின் சேதத்தைக் கூட்டும் பாலடின் திறன்) கொட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு எட்டுமுகப் பகடை. போன வாரம் நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஓகர் தலைவன் வாயைத் திறப்பதற்குள் செத்துப்போனான்.

வகுப்புகளைக் கலக்கத் தேவையான கரிஸ்மாவை (ஆளுமைக் கவர்ச்சி மதிப்பெண்) 13இலிருந்து 15 ஆக்கினேன். அவரிடம் 16 இருக்கிறது. நாளுக்கு ஒரே ஷார்ட் ரெஸ்ட் என்றேன். பாவம், ஃபைட்டர்தான் அடிவாங்கினார், அவருடைய ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரு கூடுதல் செயல் தரும் திறன்) அதில்தானே திரும்பும். அப்புறம் வார்லாக் ஸ்லாட்டில் ஸ்மைட் கூடாது என்றேன். "விதியிலேயே அனுமதி இருக்கிறதே" என்கிறார். அதுவும் சரிதான்.

மற்ற மூவருக்கும் பாதிப்பில்லாமல் இதை அடக்க உங்கள் மேசையில் என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?