‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’: விடாமல் துரத்தும் அந்த ஒரு இடம் (அனுபவப் பகிர்வு)

ஆறுதந்தி

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். 1987, கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானியோட வாத்திய இசை ஆல்பம், பத்து டிராக், 37 நிமிஷம் சொச்சம். இங்கே இருக்கிறவங்களுக்கு அறிமுகம் தேவையில்லை.

மனசைக் குடையறது நாலாவது டிராக். ‘ஆல்வேஸ் வித் மீ, ஆல்வேஸ் வித் யூ’ பி மேஜர்ல நிதானமா போகுது. மெலடி ஒரு வரி சொல்லுது, மூச்சு விடுது, அடுத்த வரி சொல்லுது. நடுவில் பி மைனர் வருது. ஆதார ஸ்வரம் நகரலை, பி அப்படியே நிக்குது. டி ஷார்ப் இருந்த இடத்தில் டி வந்து உட்காருது. ஒரே ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துக் குறுக்குக் கம்பி) கீழே, அவ்வளவுதான். வெளிச்சமான கூடத்தில் யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்ட மாதிரி ஆயிடுது. அப்புறம் மேஜர் திரும்பி வரும்போது அதே மெலடி வேற அர்த்தத்தோட கேட்குது.

விரல் வேகத்துக்குப் பேர்போன ஆல்பத்தில் கடைசி வரைக்கும் கூட வர்றது இந்த மெதுவான பாட்டுதான். உங்களுக்கு எது? பாட்டுப் பேர் மட்டும் போதாது, எந்த இடம்னு சொல்லுங்க.

சுருதிப்பெட்டி

அது நம்ம கிரகபேதம்தானே. அதே ஆல்பத்தில் வர்ற ‘சாட்ச் பூகி’ நடுவிலும் அதே வேலைதான். பூகி ஓட்டம் சட்டுனு நின்னு, ஏ தந்தி ஒன்றிலேயே இரண்டு கையாலும் டேப்பிங் (தந்தியை விரலால் தட்டி வாசிக்கறது) ஆரம்பிக்கும். அந்த இடம் வந்தா செய்யற வேலை நின்னு போகும்.

ஏழாம்மேளம்

சுருதிப்பெட்டி, மன்னிக்கணும், கிரகபேதம் இதற்கு நேர் எதிர். கிரகபேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே இருக்கும், ஷட்ஜம் வேறு ஸ்வரத்துக்கு நகரும். சாட்ரியானி செய்வதில் ஷட்ஜம் ஆணி அடித்தது போல நிற்கும், மேலே மேளம் (ஏழு ஸ்வர அடுக்கு) மாறும். ‘பிட்ச் ஆக்ஸிஸ்’ என்று சொல்வது இதைத்தான். ஆறுதந்தி சொன்ன இடத்தையே எடுத்துக்கொண்டால், பி-யை ஷட்ஜமாக வைத்து சங்கராபரணத்திலிருந்து நடபைரவிக்குப் போகிறது. காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் இறங்குகின்றன. இறங்குவது டி ஷார்ப் மட்டும் இல்லை. ஜி ஷார்ப் ஜி ஆகிறது, ஏ ஷார்ப் ஏ ஆகிறது. காதில் முதலில் படுவது காந்தாரம் என்பதால் அது ஒன்றுதான் மாறியதாகத் தோன்றுகிறது.

கையால் உணர்ந்து பார்க்க வேண்டுமென்றால், ஏ தந்தியைத் திறந்தபடி ஒலிக்க விட்டு மேல் தந்திகளில் நாலு நாலு பாராக (தாளச் சுற்றாக) வாசியுங்கள். முதலில் லிடியன், அதாவது கல்யாணி: ஏ, பி, சி ஷார்ப், டி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப். அடுத்து டோரியன், அதாவது கரகரப்பிரியா: ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி. அடுத்து ஃபிரிஜியன், அதாவது தோடி: ஏ, பி ஃபிளாட், சி, டி, ஈ, எஃப், ஜி. பலரும் தவறுவது ஒரே இடத்தில். ஸ்கேலை மேலிருந்து கீழாக ஓட்டிவிடுகிறார்கள். மாறிய ஸ்வரத்தில் நிற்பதில்லை. கல்யாணி என்றால் டி ஷார்ப்பில் ஒரு முழு பீட்டாவது நிற்க வேண்டும். தோடி என்றால் பி ஃபிளாட்டைத் தொட்டு ஏ-வில் இறங்க வேண்டும். நிற்காவிட்டால் கேட்பவருக்கு நிறம் மாறியதே தெரியாது. இன்னொன்று, ராகம் என்றால் கமகமும் பிடியும் உண்டு, இங்கே அவை இல்லை. எனவே மேளம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சுருதிப்பெட்டி

சரி, தலைகீழா சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ‘சாட்ச் பூகி’ டேப்பிங்கை ஸ்கேலாவே பார்த்தா பாதி போயிடும். அங்கே திறந்த ஏ தந்தி திரும்பத் திரும்ப வந்து மோதறதுதான் உயிர். வலது கை விரல் தட்டி, பக்கவாட்டில் லேசா கிள்ளி விடணும். நேரா மேலே தூக்கினா அடுத்த ஸ்வரம் செத்துப் போகும்.

பழையடேப்

முதல் டிராக் மெலடியின் தொனி. வேறு எதுவும் இல்லை. கிட்டார் வாய் திறந்து பேசுவது போல, ஆனால் இரண்டு தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் வருவது போல.

அது பிறந்த விதம் தெரிந்ததுதான்: வா பெடல் (காலால் அசைத்துத் தொனியை மாற்றுவது), டியூப் டிரைவர் (ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல்), 100 வாட் மார்ஷல் ஆம்ப். அதைப் பதிவு செய்தபின் ஒலிப்பதிவாளர் ஜான் குனிபெர்ட்டி ஈவென்டைட் 949 ஹார்மனைசர் (சுருதியை மாற்றும் கருவி) வழியாக ஓட்டினார். அதற்குப் பிறகு அந்த ஹார்மனைசர் பழுதாகி, சரிசெய்து வந்தபோது பழைய ஒலி திரும்பக் கிடைக்கவில்லை. ஆக, அந்தத் தொனி ஒரே ஒரு முறை உண்டானது. மெலடியும் சோலோவும் அப்படியே நின்றுவிட்டன. கேட்கும்போது இந்த ‘ஒரே முறை’ என்பது எப்படியோ தெரிகிறது.

வால்வுச்சூடு

பழையடேப், ஹார்மனைசருக்கு இவ்வளவு பெருமை வேண்டாம். பேசுவது வா பெடல். அது தூக்கிக் காட்டும் அலைவரிசை ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும், மனிதக் குரலின் உயிரெழுத்துகள் உருவாகும் பகுதி அதுதான். ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போவதைப் போல காது கேட்பதற்கு அதுவே காரணம். ஹார்மனைசர் அதைத் தடிப்பாக்குகிறது, அவ்வளவே.

அந்தத் தொனியை நெருங்க நினைப்பவர்கள் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். கிட்டார், வா, டியூப் டிரைவர், ஆம்ப். வா முன்னால்தான். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வா வைத்தால் வீச்சு மிகப் பெரிதாகி, சின்தசைசர் ஃபில்டர் மாதிரி ஆகிவிடும். முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷன் அந்த வீச்சை அமுக்கி, உயிரெழுத்தை மட்டும் விட்டுவைக்கும்.

பிட்ச் மாற்றும் கருவி எல்லாவற்றுக்கும் கடைசியில், முடிந்தால் பதிவு செய்த பிறகு. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால், சற்றே விலகிய இரண்டு சுருதியும் உள்ளே கலந்து கூட்டல், கழித்தல் அலைவரிசைகளை உண்டாக்கும், எல்லாம் சேறாகிவிடும். அளவு என்று கேட்டால் 9 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) மேலே ஒன்று, 9 சென்ட் கீழே ஒன்று, 15 மில்லிசெகண்ட் தாமதம் என்று தொடங்குங்கள். 949-இல் இருந்த எண்கள் என்று சொல்லவில்லை, காதுக்கு நெருங்கி வரும் எண்கள். 440 ஹெர்ட்ஸில் 9 சென்ட் என்பது 2.3 ஹெர்ட்ஸ் வித்தியாசம், அதாவது மூல ஒலியோடு சேரும்போது ஒலி நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் ஏறி இறங்கும். 15 சென்ட்டைத் தாண்டினால் தடிப்பு போய்விடும், சுருதி விலகியது போலத்தான் கேட்கும். மூல ஒலியைவிட மாற்றிய ஒலிகளைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். டியூப் டிரைவரின் கெயினை (கரகரப்பின் அளவை) பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம். 100 வாட் ஆம்பே போதுமான அளவு அமுக்கித் தரும். மெலடி முடியும் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்திலும் பெடல் எங்கே நிற்கிறது என்று தனியாகக் கேளுங்கள். தாளத்துக்குக் கால் ஆட்டுவது வேறு, இது வேறு.

பழையடேப்

வரிசை சரி. ஆனால் ‘தடிப்பாக்குகிறது, அவ்வளவே’ என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. வா மட்டும் போட்டு வாசித்தவர்கள் ஏராளம். அதில் எதுவும் இந்த இரண்டு தொண்டையைத் தரவில்லை.

மிதக்கும்பாலம்

ஆறுதந்தியின் பாட்டுக்கே திரும்புகிறேன், ஆனால் மெலடிக்கு இல்லை. கீழே ஓடும் ஆர்பெஜியோவுக்கு (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது). உள்ளங்கையால் அமுக்கிய அந்த மெத்தென்ற ஓட்டம் இல்லாவிட்டால் மேலே மெலடிக்குப் படுக்க இடமே இருக்காது. ஒரே சீராக, ஒரே அழுத்தத்தில், ஒரு ஸ்வரம்கூடத் தூக்கலாகத் தெரியாமல் போகிறது.

மிதக்கும் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கி, ஸ்பிரிங்கில் அசையும் பாலம்) உள்ள கிட்டாரில் இதை எடுத்தால் ஏன் சுருதி சேரவில்லை என்று பலர் தந்தியைக் குறை சொல்கிறார்கள். காரணம் கை. உள்ளங்கையின் கனம் பிரிட்ஜின் பின் விளிம்பில் இறங்கினால் பிரிட்ஜ் பின்னால் சாய்ந்து தந்தி இறுகும், எல்லாச் சுருதியும் மேலே ஏறும். மேலே இன்னொரு கிட்டார் சரியான சுருதியில் மெலடி வாசிக்கும்போது அது அப்பட்டமாகத் தெரியும். உள்ளங்கையின் ஓரத்தைச் சேடிலுக்கு (பிரிட்ஜில் தந்தி அமரும் இடம்) 2, 3 மில்லிமீட்டர் முன்னால், தந்தி மேலேயே வையுங்கள். கனத்தை முன்கையில் தாங்குங்கள். பழக்கம் வரவில்லை என்றால் பிரிட்ஜுக்கும் உடலுக்கும் நடுவே மரத்துண்டு ஒன்றைச் செருகி அசையாமல் நிறுத்தலாம். அல்லது ரிதம் பகுதியை நிலையான பிரிட்ஜ் கிட்டாரில் எடுத்துவிடலாம். ஸ்பிரிங்கை மூன்றிலிருந்து நாலாக்கினால், கிளா (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தகடு) திருகுகளைத் தளர்த்தித் திரும்பச் சமன் செய்யாமல் விடக்கூடாது. ஒவ்வொரு முறையும் கால் சுற்று, பிறகு ஆறு தந்தியும் சுருதி. அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் அரைமணி நேரம் போகும்.

ஆறுதந்தி

ஆர்பெஜியோவைத் தனியா கேட்டதே இல்லை. இப்போ மைனர் வர்ற இடத்தில் கீழே என்ன நடக்குதுன்னு கேட்கணும்.

நள்ளிரவு142

ஒன்பதாவது டிராக்கை யாருமே சொல்லவில்லை. ‘மிட்நைட்’, 1 நிமிடம் 42 நொடி. முழுக்க இரண்டு கை டேப்பிங், டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலி. டிஸ்டார்ஷன் இருந்தால் தட்டும் விரல்களின் வலு வித்தியாசம் மறைந்துவிடும். இங்கே மறைக்க எதுவும் இல்லை, ஒவ்வொரு விரலும் நிர்வாணமாகக் கேட்கிறது. ‘சாட்ச் பூகி’யில் ஒரே தந்தி, இங்கே இரண்டு கையும் வெவ்வேறு தந்திகளில் தனித்தனிக் குரல்.

வாசிக்க முயல்பவர்களுக்கு வரும் தொல்லை நட் (கழுத்து முனையில் தந்திகள் அமரும் பட்டை) பக்கத்தில். விரலை எடுத்ததும் திறந்த தந்தி முனகும். நட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய துணிப்பட்டையையோ தலைமுடிப் பட்டையையோ சுற்றினால் அது அடங்கும், ஆனால் முதல் ஃப்ரெட்டின் மேலேயே சரியாக விழ வேண்டும். ஃப்ரெட்டைத் தாண்டிச் சுற்றினால் கீழ் ஸ்வரங்களும் மழுங்கும். கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) சிறிதளவு, தந்தி உயரம் தாழ்வாக. தட்டுவது ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி, நடுவில் இல்லை.

அந்தக் கடைசி ஸ்வரம் அடங்கி, கடைசி டிராக்கான ‘எக்கோ’ தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே, அந்த இடம்.