எட்டு மாதம் பிள்ளைகள் இல்லத்தில் ஊழியம்: போனது தப்பா?

அத்திமரம்:
வெளிநாட்டில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் எட்டு மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். ஞாயிறு ஆராதனையில் மேடையேறி அந்த அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னேன். வெளியே வரும்போது வாலிபர் கூட்டத்துப் பெண் ஒருத்தி, "அக்கா, நீங்க போனதுல அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

மேடையில் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டு, கதை, ஜெபம் என்று நினைத்துப் போனேன். அங்கே நாள் தொடங்குவது விடியற்காலை ஐந்து மணிக்கு, ஈரமான பெட்ஷீட்டுகளை உருவுவதில். முப்பத்திரண்டு பிள்ளைகள். தினமும் ஆறேழு படுக்கையாவது நனைந்திருக்கும். ஏழு வயதுப் பையன் ஒருவன், நனைந்த பெட்ஷீட்டை மடித்து மடித்துப் பாடப்புத்தக அளவுக்குச் சுருக்கித் தலையணை உறைக்குள் திணித்து வைப்பான். முதல் இரண்டு மாதம் அதை எல்லார் முன்னாலும் உதறி எடுத்திருக்கிறேன். அப்புறம்தான் புத்தி வந்தது. ஒன்றும் தெரியாதவள்போல உறையோடு எடுத்துப்போய்த் துவைத்து, உறையோடு கொண்டுவந்து வைப்பேன்.

சனிக்கிழமை முழுக்கப் பேன் சீப்புதான். சிரங்கு வந்தால் இன்னும் மோசம். எல்லாருக்கும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை மருந்து பூசி, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. சாயங்காலம் வீட்டுப்பாடம், பிறகு இருபது நிமிடம் ஜெபம். அதில் பாதி நேரம் சின்னதுகள் தூங்கிவிழாமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விடும்.

கிளம்பும் நாளில் நான்கு பிள்ளைகள் அழுதார்கள். மற்றவர்கள் கையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். எது அதிகமாக வலித்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நேர்க்கோடு:
தப்பு என்று சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்வி சரியான கேள்வி. நான் குழந்தைகள் நலத் துறையில் இருப்பவன். 2009இல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுப் பராமரிப்புக்கான, அதாவது பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளைப் பராமரிப்பதற்கான, வழிகாட்டுதல்களை ஏற்றது. அதில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கிறது: வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் குடும்பச் சூழலில்தான் வளர வேண்டும். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000களின் தொடக்கத்தில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகவே தேறினார்கள்.

இல்லத்தில் கால் வைத்ததும் முன்பின் தெரியாத பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்கிறதே, அதைப் பாசம் என்று நினைத்துக் கண் கலங்குகிறோம். நிலையாக ஒரு முகத்தைப் பார்த்து வளராத பிள்ளை யாரிடமும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் வந்து எட்டு மாதம் ஒட்டவைத்துவிட்டுப் பிய்த்துக்கொண்டு வருகிறீர்கள். அடுத்த மாதம் இன்னொருவர்.

சாலொமோன்77:
தம்பி, ஐ.நா. சொல்வதற்கு ரொம்பக் காலம் முன்பே யாக்கோபு 1:27 சொல்லிவிட்டது, திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று. புக்கரெஸ்ட் கதை, ஒரு சர்வாதிகாரி விட்டுப்போன அரசாங்க விடுதிகளின் கதை. ஒரு தாதி பத்து இருபது குழந்தைகளைப் பார்த்த இடம். முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பெட்ஷீட் துவைத்த பெண்ணிடம் அதைக் கொண்டுவந்து நீட்டினால் எப்படி? வழிகாட்டுதல் விடியற்காலையில் எழுந்து துணி அலசுமா?

ஜார்ஜ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்யாவில் பிறந்தவர். அந்நிய நாடான இங்கிலாந்துக்குப் போய், 1836இல் பிரிஸ்டலில் இல்லம் தொடங்கினார். மனிதரிடம் கை நீட்டாமல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்தார். அவர் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

நேர்க்கோடு:
முல்லர் பெயரை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று ஐயா. அவர் மூன்று வாரத்துக்கோ எட்டு மாதத்துக்கோ போகவில்லை. 1898இல் இறக்கும்வரை அந்த ஊர்தான் அவருக்கு வீடு. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு 1901 முதல் 1951இல் கண் மூடும்வரை இருந்தார், சொந்த நாட்டுக்கு ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அவர்களை உதாரணம் காட்டிவிட்டு நாம் திரும்பி வரும் டிக்கெட்டோடு போகிறோம். இன்னொன்று, முல்லர் கட்டிய ஐந்து பெரிய கட்டடங்களையும் அவருடைய நிறுவனமே 1950களின் இறுதியில் விற்றுவிட்டுச் சின்னச் சின்னக் குடும்ப வீடுகளுக்குப் பிள்ளைகளை மாற்றியது. அவர்கள் விசுவாசம் குறைந்தா அப்படிச் செய்தார்கள்?

நீங்கள் சொன்ன வசனத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். திக்கற்ற பிள்ளைகளோடு விதவைகளும் அதே வாக்கியத்தில் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பக்கத்திலேயே அவன் தாயும் நிற்கிறாள். நாம் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து கட்டில் போட்டுக் கொடுக்கிறோம்.

கடைசி_கட்டில்:
நான் இந்தப் பக்கம் எழுதுவது அபூர்வம். பதினோரு வருடம் இப்படி ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். இரண்டு பேருமே எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

புதிதாக யார் வந்தாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி பெயர் இல்லை. "எப்போ போவீங்க?" என்பதுதான். ஒரு மாதம் என்றால் சாக்லேட்டை வாங்கிக்கொள்வோம், பெயரைக் கற்றுக்கொள்ள மாட்டோம். ஆறு மாதம் என்றால் கொஞ்சம் யோசிப்போம். எண்ணி வைத்திருந்தேன், என் காலத்தில் வந்துபோனவர்கள் நாற்பத்தேழு பேர். "உன்னை மறக்கவே மாட்டேன்" என்று சொல்லாதவர்கள் அதில் மூன்று பேர். மறுபடி வந்தவர் ஒருவர்.

ஆனால் நேர்க்கோடு சார், "குடும்பத்துக்கு அனுப்பு" என்று சுலபமாகச் சொல்லாதீர்கள். என்னை ஒருதரம் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகில் தழும்போடு திரும்பி வந்தேன். அன்று அந்த இல்லம் மூடியிருந்தால் எங்கே போயிருப்பேன்?

அப்புறம், மறுபடி வந்தார் என்றேனே, அந்த ஒருவர். அவர் எங்களோடு விளையாடவே இல்லை, கதை சொல்லவும் இல்லை. சமையலறையையும் துணிகளையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, எங்கள் வார்டன் அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் லீவு கிடைக்கும்படி செய்தார். அந்த மூன்று மாதம் அம்மா எங்களைத் திட்டவே இல்லை. ராத்திரி தலை கோதிவிட அவருக்கு நேரம் இருந்தது. எனக்கு அந்த வாலண்டியரின் முகம் சரியாக நினைவில்லை. அம்மா சிரித்தது நினைவிருக்கிறது.

சாலொமோன்77:
தம்பி, உங்கள் கதையைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மன்னிக்க வேண்டும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்கு யார் பணம் அனுப்புவார்கள்? கண்ணால் பார்த்தவன்தான் கொடுப்பான். எங்கள் சபையில் போய்வந்த பத்துப் பேரில் ஏழு பேர் இன்றும் மாதாமாதம் கொடுக்கிறார்கள்.

நேர்க்கோடு:
அங்கேதான் கண்ணி இருக்கிறது ஐயா. பார்க்க வருபவர்கள் கொடுப்பதால், பார்க்கப் பிள்ளைகள் வேண்டியிருக்கிறது. கட்டில் காலியானால் வரவு குறையும். அதனால் ஏழை வீடுகளுக்குப் போய், படிக்க வைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தரகர்கள் பல நாடுகளில் முளைத்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017இல் நவீன அடிமைமுறை பற்றிக் கொடுத்த அறிக்கையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எல்லா இல்லமும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வந்து நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அத்திமரம்:
இதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நான் இருந்த இடத்தில் வாசலில் பெரிய பலகை, "அநாதைக் குழந்தைகள் இல்லம்" என்று. எனக்குத் தெரிந்து, தாய் தகப்பன் இருவருமே இல்லாத பிள்ளைகள் ஐந்து பேர்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பார்வையாளர் நாள். பெட்ஷீட் மறைத்தான் என்று சொன்னேனே, அந்தப் பையனின் தாய் வருவாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒருநாள் மொழி தெரிந்த பெரிய பெண்ணைக் கூட வைத்துக்கொண்டு விசாரித்தேன். பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம், பஸ் செலவுக்கு வழியில்லை, அதனால் விட்டேன் என்றாள். பஸ் செலவு! என் விமானக் கட்டணத்தில் அவன் பள்ளி முடிக்கிறவரை போய்வந்திருப்பான். பொறுப்பாளரிடம் கேட்டேன். "அது உங்கள் வேலை இல்லை சிஸ்டர்" என்று சிரித்தபடியே சொன்னார்.

சாட்சி சொன்னபோது அந்தத் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையனின் படத்தைத் திரையில் காட்டினேன். அனுமதி யாரிடம் கேட்டேன்? யாரிடமும் இல்லை. இன்று காலை அழித்துவிட்டேன். அதற்குள் எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்களோ.

சாலொமோன்77:
அந்தத் தாய்க்குப் பஸ் செலவு கொடுக்க வழி உண்டா சிஸ்டர்? நேரடியாக. இல்லத்தின் மூலமாக வேண்டாம்.

நேர்க்கோடு:
நேரடியாகவும் வேண்டாம் ஐயா, நீங்கள் நிறுத்தும் மாதம் அவள் நடுத்தெருவில் நிற்பாள். அந்த ஊரில் குடும்பங்களோடு வேலை செய்கிற உள்ளூர் சபையோ சமூகப் பணியாளரோ நிச்சயம் இருப்பார்கள். அவர்களைப் பிடியுங்கள். (நாம் இருவரும் ஒத்துப்போவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.)

பம்பரம்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் எங்கள் குழு பதினான்கு பேர் இரண்டு வாரத்துக்கு ஓர் இல்லத்துக்குப் போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. பொம்மலாட்டம், பாட்டு, கடைசி நாள் பரிசுப் பொட்டலம் என்று திட்டம். இதையெல்லாம் படித்தபிறகு வயிற்றைப் பிசைகிறது. நான் தொழிலில் பிளம்பர். அங்கே பொம்மைக்குக் குரல் கொடுப்பது என் வேலை.

கடைசி_கட்டில்:
பிளம்பரைப் பொம்மைக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்களா! பிரதர், போன் பண்ணி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இல்லத் தலைவரிடம் கேட்காதீர்கள், அவர் "வந்தாலே சந்தோஷம்" என்பார். வார்டன் அம்மாவிடம் கேளுங்கள்.

அத்திமரம்:
விசாவையும் பாருங்கள் தம்பி. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது பல நாடுகளில் சட்டப்படி தப்பு. நற்சான்று, போலீஸ் சான்று எதுவும் கேட்காமல் உங்களைப் பிள்ளைகள் அறைக்குள் விடுகிற இல்லம் என்றால் யோசியுங்கள். உங்களைக் கேட்காதவர்கள் வேறு யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பம்பரம்:
மூன்று நாள் கழித்து வருகிறேன். வார்டன் அம்மாவிடம் பேசிவிட்டேன், மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு. போலீஸ் சான்று கட்டாயம் வேண்டும் என்றார். பொம்மலாட்டம் போன மாதம்தான் ஒரு குழு போட்டுவிட்டுப் போனதாம். பிள்ளைகள் குளிக்கிற இடத்தில் மூன்று குழாய் ஒழுகுகிறது, ஒன்றில் தண்ணீரே வரவில்லை, இரவில் வாளியில் சுமக்கிறார்கள். அதற்கு இரண்டு பேர் போதும் என்றார். மீதி பன்னிரண்டு பேரின் டிக்கெட்டைப் பற்றிப் பாஸ்டரிடம் யார் பேசுவது என்று இப்போது குழுவுக்குள் சண்டை நடக்கிறது.