தம்பி ஒன்றிலும் மனம் வைக்கிறானில்லை: சோம்பலா, வருத்தமா?

கொக்குவில் அக்கா:
தம்பிக்கு 17 வயது, உயர்தரம் கணிதப் பிரிவு. போன வருசம் வரைக்கும் பின்னேரமானால் மட்டையோடு ஒழுங்கைக்கு இறங்கிவிடுவான். இப்போது ரியூசனும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. என்ன கேட்டாலும் ‘ம்’. அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தாலும் முகத்தில் ஒரு அசைவில்லை. குளிக்கச் சொல்லிச் சொல்லி அம்மா களைத்துவிட்டா. காதில் குரல் ஏதும் கேட்பதாக அவன் சொல்லவில்லை. அப்பா சோம்பல் என்கிறார், பெரியம்மா செய்வினை என்று நூல் கட்டச் சொல்கிறா. வைத்தியரிடம் காட்டும் அளவுக்கு இது ஒரு விசயமா?

உளநல விடுதித் தாதி:
காட்டவேண்டிய விசயம்தான், தங்கச்சி. மனச்சிதைவு என்ற மனநோயில் குரல் கேட்பதும் வீண் சந்தேகமும் புதிதாக வந்து சேர்பவை. நீங்கள் சொல்வதெல்லாம் இருந்தவை குறைந்துபோவது: பேச்சு, முகபாவம், ஊக்கம், ஆட்களில் விருப்பம். இவற்றைத்தான் எதிர்மறை அறிகுறிகள் என்போம். பலருக்குக் குரல் கேட்கத் தொடங்குவதற்கு மாதங்கள், வருசங்கள் முன்னரே இவை தலைகாட்டும். வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாததால் படிப்புச் சுமை என்று விட்டுவிடுவார்கள்.

பதின்ம வயதில் மூளை வேண்டாத நரம்பிணைப்புகளைக் கழிக்கிறது. இந்தக் கழிப்பு அளவு மீறுவதால் மனச்சிதைவு வரலாம் என்று ஃபைன்பேர்க் என்ற ஆய்வாளர் 1982 இல் ஒரு கருதுகோள் வைத்தார். 2016 இல், இந்தக் கழிப்பில் பங்குள்ள சி4 என்ற மரபணு பற்றிய ஆய்வு அதற்கு வலுச் சேர்த்தது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ நோய் வெளிப்படும். ஆனால் மனச்சோர்வும் இதே மாதிரித்தான் இருக்கும், அதற்குச் சிகிச்சை வேறு. எதுவென்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். கஞ்சா ஆபத்தைக் கூட்டும். அந்தப் பழக்கம் உண்டா என்று ஏசாமல் கேளுங்கள்.

ஒரு தகப்பன்:
என் மகனுக்கு மருந்தால் பயமும் சந்தேகமும் அடங்கின. ஊக்கம் அப்படித் திரும்பவில்லை. இந்த மாத்திரைகள் அதற்குப் பெரிதாக உதவா என்று வைத்தியர் முதலே சொன்னதால் நாங்கள் மனம் உடையவில்லை. ‘எழும்படா சோம்பேறி’ என்ற பேச்சை வீட்டில் நிறுத்தினோம். காலையில் கோழிக்குத் தீன் போடுவது மட்டும் அவன் வேலை என்று தொடங்கினோம். பிள்ளை, எது எப்போது நின்றது என்று எழுதிக்கொண்டு போங்கோ.

கொக்குவில் அக்கா:
நன்றி ஐயா, நன்றி அக்கா. வரமாட்டேன் என்றால்?

உளநல விடுதித் தாதி:
‘நித்திரை குழம்பியிருக்கு, அதைக் காட்டுவோம்’ என்று கூப்பிடுங்கள். மறுத்தால் நீங்களும் அம்மாவும் முதலில் போய்க் கதையுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநலப் பிரிவு உண்டு, காசு தேவையில்லை. தொலைபேசியில் கேட்க 1926. சாகவேண்டும் என்ற கதை வந்தால் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே கூட்டிப்போங்கள்.